கேட்பாரின்றிக் கிடந்த பாடல்களும் புதிய ஜாஸ் இசையும்

ஓர் இசைத்தட்டு விலைப்படாது போயிற்று எனின், கேட்டவர்கள் அதனை விரும்பவில்லை என்று நாம் எளிதில் முடிவு செய்துவிடுகின்றோம். ஆயின், அவ்வாறு விலைப்படாத இசைத்தட்டுகள் பலவற்றின் வரலாற்றை ஆராயப் புகுந்தால், அவற்றைக் கேட்டு வெறுத்தவர்களைக் காட்டிலும், கேட்கவே வாய்ப்புப் பெறாதவர்கள் மிகப் பலர் என்பது புலனாகும். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ‘சோல்’ இசைப் பதிவுகள் பல, முப்பது நாற்பது ஆண்டுகள் களஞ்சியங்களிலே தூசு படிந்து கிடந்து, இந்த நூற்றாண்டின் தொடக்கம் முதலாக ஒவ்வொன்றாய் வெளிவந்துகொண்டிருக்கின்றன. அவற்றைப் புதிதாக வெளிவரும் ‘ஜாஸ்’ இசைத்தட்டுகளோடு அருகருகே வைத்துக் கேட்டல் வேண்டும் என்பதே இவ்வாரம் நாம் வாசகர்களுக்குக் கூற விரும்புவது.

மாணவர்களின் பொருட்டு, முதலில் இவ்விரு சொற்களையும் சிறிது விளக்குவோம். ‘சோல்’ என்னும் சொல் ஆன்மாவைக் குறிக்கும். கறுப்பின மக்கள் தம் தேவாலயங்களிலே மெய்ம்மறந்து பாடிய பக்திப் பாடல்களின் முறையும், உலகியல் துன்பங்களைப் பாடிய ‘புளூஸ்’ பாடல்களின் முறையும், 1950களின் நடுப்பகுதி தொடக்கம் ரே சார்ள்ஸ், சாம் குக் முதலியோர் குரலிலே ஒன்று கலந்தன. இறைவனை நோக்கி எழுந்த உருக்கம், காதலையும் பிரிவையும் பசியையும் அவமானத்தையும் பாடுதற்கு வந்து சேர்ந்தது. அவ்வாறு பிறந்ததே சோல் இசை.

ஜாஸ் அதனினும் மூத்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்க காலத்திலே நியூ ஓர்லியன்ஸ் நகரில் உருப்பெற்றது. ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, கலைஞர் ஒவ்வொருவரும் மேடையில் நின்றவாறே தத்தம் கற்பனைக்கேற்ப அதனை விரித்து வாசித்தல் அதன் உயிர்நாடியாகும். கற்பனாசுவரத்தைக் கேட்டுப் பழகிய நம்மவர் செவிக்கு இம்முறை முற்றிலும் அந்நியமானதன்று. சோலும் ஜாஸும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளே. விற்பனையின் வசதி கருதிக் கடைக்காரர்கள் அவற்றை வெவ்வேறு தட்டுகளில் அடுக்கி வைத்தனர். காலப்போக்கிலே, கேட்பவர்களும் அவ்வாறே பிரிந்து நின்றனர்.

இனி, நல்ல பதிவுகள் மறைந்து போனமைக்குக் காரணம் யாது? 1960களிலும் 1970களிலும் அமெரிக்காவின் நகரங்கள் பலவற்றிலே சிறிய இசைத்தட்டுக் கம்பனிகள் தோன்றின. நிமிடத்துக்கு 45 முறை சுழலும் சிறு தட்டு ஒன்றிலே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பாடல்களைப் பதிந்து, குறைந்த தொகையில் அச்சிட்டு வெளியிடுவது அவற்றின் வழக்கம். அத்தட்டை வானொலி அறிவிப்பாளர் ஒலிபரப்ப வேண்டும். ஒலிபரப்பிய கிழமையிலேயே அது கடைக்கு வந்திருக்க வேண்டும். விற்ற தட்டின் பணத்தை விநியோகத்தர் காலந்தாழ்த்தாது கொடுக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினும் கம்பனி வீழ்ந்துவிடும். பாட்டு நன்றாயிருந்ததோ இல்லையோ என்னும் கேள்விக்கே அங்கு இடமில்லை.

ஒகையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரிலே பில் மொஸ் என்னும் வானொலி அறிவிப்பாளர் 1970இல் ‘கப்சோல்’ என்ற கம்பனியைத் தொடங்கினார். அவ்வூர்ப் பாடகர்களைக் கொண்டே அவர் வெளியிட்ட தட்டுகள் சில ஆண்டுகளுக்குள் நின்றுபோயின. அவரும் பிற்காலத்தில் அந்நகரக் கல்விச் சபையிலே உறுப்பினராகிப் பணி புரிந்தார். 2003இல் சிக்காகோவிலே தொடங்கப்பட்ட ‘நியூமரோ குரூப்’ என்னும் நிறுவனம், தன் முதல் வெளியீடாக 2004இல் கப்சோல் பாடல்களைத் தொகுத்து அளித்தது. தன் ஊருக்கு அப்பால் அதிகம் அறியப்படாதிருந்த அப்பாடல்கள், அதன் பின்னரே கடல் கடந்த நாடுகளிலும் ஒலித்தன. ஏட்டுச் சுவடிகளைத் தேடி அச்சேற்றிய தாமோதரம்பிள்ளை அவர்களின் வரலாற்றைப் படித்த நம் மாணவர்களுக்கு, இத்தகைய தேடலின் அருமையை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பெரிய கம்பனிகளில் இடம் பெற்றவர்களின் நிலையோ எனின், அதுவும் எப்பொழுதும் பாதுகாப்பானதாய் இருக்கவில்லை. பெட்டி லவெட் என்னும் அம்மையாரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். டெட்ரோயிட் நகரிலே வளர்ந்த அவர், 1962இல் தம் பதினாறாவது வயதிலேயே முதற் பாடலைப் பதிந்தார். ‘அத்திலாந்திக்’ கம்பனி வெளியிட்ட அத்தட்டு நல்ல வரவேற்பைப் பெற்றது. பத்தாண்டுகளின் பின், 1972இல் அதே கம்பனி அவரை அலபாமா மாநிலத்து மஸில் ஷோல்ஸ் என்னும் ஊருக்கு அனுப்பி, முழு நீள இசைத்தட்டு ஒன்றைப் பதிவு செய்தது. சோல் இசைக்குப் பேர்போன கலைக்கூடங்கள் அமைந்த ஊர் அது. பதிவும் நிறைவேறியது. ஆயின் இசைத்தட்டு வெளிவரவில்லை. தெளிவான காரணம் எதுவும் அவருக்குக் கூறப்படவுமில்லை.

அப்பொழுது அவருக்கு வயது 26. அதன் பின்னர் இரவு விடுதிகளிலும் இசை நாடகங்களிலும் பாடி அவர் தம் வாழ்வை நடத்தினார். முழு நீள இசைத்தட்டொன்று அவர் பெயரில் முதன்முதலாக வெளிவந்தது 1982ஆம் ஆண்டிலேயே ஆகும். 1972இல் பதிந்த ஒலிநாடாக்கள் தீ விபத்தில் எரிந்து போயின என்றே கருதப்பட்டது. பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஜில் பெத்தார் என்னும் இசைத்தட்டுச் சேகரிப்பாளர் அவற்றைத் தேடிக் கண்டறிந்து, உரிமை பெற்று, 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார். இருபத்தாறு வயதுப் பெண் பாடிய பாடல்களை உலகம் கேட்டபொழுது, பாடியவருக்கு ஐம்பத்து நான்கு வயதாகியிருந்தது.

அதனோடு அவர் வரலாறு முடிந்துவிடவில்லை. அவ்வெளியீட்டினால் அவர் பெயர் மீண்டும் பேசப்பட்டது. 2005இல் அவர் அளித்த புதிய இசைத்தட்டு பெரும் பாராட்டைப் பெற்றது. 2009 ஜனவரியில், பராக் ஒபாமா ஜனாதிபதியாகப் பதவியேற்பதற்கு இரு நாள் முன்பு, வாஷிங்டன் நகரிலே லிங்கன் நினைவாலயத்தின் முன் திரண்டிருந்த பெருங் கூட்டத்தின் எதிரே அவர் பாடினார். 2020இல், ஜாஸ் இசைக்குப் புகழ்பெற்ற ‘வேர்வ்’ நிறுவனத்தின் வாயிலாக ‘பிளாக்பேர்ட்ஸ்’ என்னும் இசைத்தட்டை வெளியிட்டார். தமக்கு முன்னர் வாழ்ந்த பில்லி ஹொலிடே, நீனா சிமோன் முதலிய கறுப்பினப் பாடகியரின் பாடல்களை அதில் அவர் தம் வழியில் பாடியிருக்கின்றார். 1972ஆம் ஆண்டுப் பதிவையும் 2020ஆம் ஆண்டுப் பதிவையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பவர், ஒரு குரல் அரை நூற்றாண்டில் எவ்வாறு கனிந்தது என்பதைத் தம் செவியாலேயே அறியலாம். முதலாவது பதிவு தீயில் அழிந்திருப்பின், இவ்வறிவு நமக்குக் கிட்டியிராது.

தனிப்பட்ட ஒருவரின் பதிவுக்கு மட்டுமன்றி, ஒரு பெருவிழாவுக்கே இக்கதி நேர்ந்ததுண்டு. 1969ஆம் ஆண்டுக் கோடைகாலத்தில், நியூயோர்க் நகரின் ஹார்லம் பகுதிப் பூங்கா ஒன்றிலே ஞாயிற்றுக்கிழமைகளில் இசைவிழா நடைபெற்றது. ஸ்டீவி வொண்டர், கிளாடிஸ் நைட், மஹேலியா ஜாக்சன், நீனா சிமோன் ஆகியோர் பாடிய அதே விழாவிலே, ஜாஸ் மேளக் கலைஞர் மக்ஸ் ரோச்சும் பாடகி அபி லிங்கனும் தோன்றினர். சோல், ஜாஸ், பக்தி இசை ஆகிய மூன்றும் அங்கே ஒரே மேடையில் நின்றன. ஹால் டுல்ச்சின் என்பவர் ஏறத்தாழ 40 மணி நேரத்துக்கு அவ்விழாவை ஒளிப்பதிவு செய்தார். அதனைத் திரைப்படமாக்க அவர் முயன்றபொழுது முதலிட முன்வந்தோர் எவருமிலர். நாடாக்கள் அரை நூற்றாண்டு காலம் பெரும்பாலும் பார்ப்பாரின்றிக் கிடந்தன. அவர் 2017இல் காலமானார். அந்நாடாக்களைக் கொண்டு இசைக்கலைஞர் குவெஸ்ட்லவ் உருவாக்கிய ‘சமர் ஒவ் சோல்’ என்னும் படம் 2021இல் வெளிவந்து, 2022இல் ஒஸ்கார் பரிசு பெற்றது. அப்பரிசைக் காண டுல்ச்சின் இருக்கவில்லை.

இவ்வண்ணம் மீட்கப்பட்ட பழைய இசையைப் புதிய ஜாஸ் கலைஞர்கள் எங்ஙனம் கையாளுகின்றனர் என்பதை இனிப் பார்ப்போம். லொஸ் ஏஞ்சலிஸ் நகரைச் சேர்ந்த கமாசி வாஷிங்டன் என்னும் சக்ஸபோன் கலைஞர், 2015இல் ‘த எபிக்’ என்ற இசைத்தொகுதியை வெளியிட்டார். மூன்று தட்டுகளில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஒலிப்பது அது. ஜாஸ் குழுவின் பின்னணியிலே தந்தி வாத்தியக் குழுவும் பாடகர் குழுவும் சேர்ந்து எழுப்பும் ஒலியைக் கேட்குங்கால், கறுப்பினத் தேவாலயத்தின் பாடகர் வரிசையை எண்ணாதிருத்தல் அரிது. அதற்கு மூன்றாண்டுகள் முன்னதாக, 2012இல், ரொபேர்ட் கிளாஸ்பர் என்னும் பியானோக் கலைஞர் ‘பிளாக் ரேடியோ’ என்னும் தொகுதியை அளித்தார். ஜாஸ் இசைக்கென்றே பெயர் பெற்ற ‘புளூ நோட்’ நிறுவனம் வெளியிட்ட அத்தொகுதிக்கு மறு ஆண்டிலே கிராமி பரிசு கிட்டியது. கிட்டிய பிரிவோ ஜாஸ் அன்று. சோல் இசையையும் தன்னுள் அடக்கிய ‘றிதம் அன்ட் புளூஸ்’ பிரிவாகும். கடைக்காரர் இட்ட வேலி எத்துணை மெலிந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

சிக்காகோவின் மேளக் கலைஞர் மக்காயா மக்ரேவன் வேறொரு வழியை மேற்கொண்டார். கில் ஸ்கொட்-ஹெரன் என்னும் கவிஞர் பாடகர் 2010இல் வெளியிட்ட இறுதி இசைத்தட்டிலிருந்து அவர் குரலை மட்டும் எடுத்து, அதனைச் சூழப் புதிய ஜாஸ் இசையை அமைத்து, சரியாகப் பத்தாண்டுகளின் பின் 2020இல் வெளியிட்டார். பாடகர் 2011இலேயே மறைந்துவிட்டார். பழைய பாடலை அப்படியே நகல் செய்யாமலும், அதனைச் சிதைக்காமலும், புதிய துணைகளோடு அதனைப் பேச வைத்தமை இம்முயற்சியின் சிறப்பு.

பழையதும் புதியதும் ஒரே கலைஞரிடம் சந்திப்பதையும் காணலாம். பாரோ சாண்டர்ஸ் என்னும் சக்ஸபோன் கலைஞர் 1977இல் சிறு கம்பனி ஒன்றின் வாயிலாக வெளியிட்ட தட்டு, நெடுங்காலம் சேகரிப்பாளர் சிலர் கையில் மட்டுமே இருந்தது. 2021இல், தம் எண்பதாவது வயதில், பிரித்தானிய இளங்கலைஞர் ஒருவரோடும் லண்டன் சிம்பொனி வாத்தியக் குழுவோடும் சேர்ந்து அவர் ‘புரொமிசஸ்’ என்னும் இசைத்தட்டை அளித்தார். நாற்பத்தாறு நிமிடங்கள் இடையறாது செல்லும் அவ்விசையிலே, சில இடங்களில் அவர் வாத்தியத்தை வைத்துவிட்டு வாயால் முணுமுணுப்பதும் கேட்கும். 2022 செப்டெம்பரில் அவர் மறைந்தார். 1977ஆம் ஆண்டுத் தட்டு 2023இல் முறைப்படி மறுபதிப்பாயிற்று.

இத்துறையிலே நம் மக்களுக்கும் ஓர் உண்மைத் தொடர்பு உண்டு. ஜாஸ் மேதை ஜோன் கோல்ட்ரேன் 1967இல் மறைந்த பின்னர், அவர் மனைவியார் அலிஸ் கோல்ட்ரேன், கோயம்புத்தூர்ப் பகுதியிலே பிறந்த தமிழரான சுவாமி சச்சிதானந்தரைத் தம் குருவாகக் கொண்டார். அச்சுவாமிகள் 1966இல் அமெரிக்கா செல்வதற்கு முன்னர், திருக்கோணமலையிலும் கண்டியிலும் பல்லாண்டுகள் பணி புரிந்தவர் என்பதை நம் மூத்தோர் அறிவர். அலிஸ் அம்மையார் 1971இல் வெளியிட்ட புகழ்பெற்ற இசைத்தட்டு ஒன்று சுவாமிகளின் பெயரையே தாங்கி நிற்கின்றது. அவ்வாண்டு பெப்ரவரி 21ஆம் திகதி, சுவாமிகளின் யோக நிறுவனத்துக்கு நிதி சேர்க்கும் பொருட்டு நியூயோர்க் கார்னகி மண்டபத்திலே நடந்த கச்சேரியில் அவர் யாழை ஒத்த ‘ஹார்ப்’ வாத்தியத்தையும் பியானோவையும் வாசித்தார். முன்கூறிய பாரோ சாண்டர்ஸ் அம்மேடையிலே உடனிருந்து வாசித்தார். தம்பூராவும் உடன் ஒலித்தது. அக்கச்சேரியின் பதிவு முழுமையாக, முறைப்படி வெளியிடப்பட்டது 53 ஆண்டுகளின் பின், 2024இல் ஆகும்.

ஜோன் கோல்ட்ரேன் 1963 மார்ச் 6ஆம் திகதி பதிந்த இசையொன்றும் அவ்வாறே 2018இல் முதன்முறையாக வெளிவந்தது. கம்பனியிடம் இருந்த மூலநாடா அழிந்தொழிந்தது. கோல்ட்ரேன் வீட்டுக்குக் கொண்டு சென்ற பிரதி ஒன்று அவருடைய முதல் மனைவியாரின் குடும்பத்தவரிடம் இருந்தமையாலேயே அவ்விசை பிழைத்தது. பெரிய நிறுவனம் காவாததை ஒரு குடும்பம் காத்தது என்பதை நம் இல்லத்தரசிகள் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். பழைய நாடாக்களையும் தட்டுகளையும் குப்பையென்று எறியும் முன், அவற்றில் யார் குரல் உள்ளது என ஒருமுறை கேட்டுப் பார்த்தல் நன்று.

இவ்விடத்திலே மாணவர் ஒருவர் தடை எழுப்பக்கூடும். “மறக்கப்பட்டவை யாவும் மாணிக்கமோ?” என்று அவர் வினவலாம். வினா நியாயமானதே. மறக்கப்பட்டவற்றுள் மறக்கத் தக்கவையும் பல உள. அருமையாகக் கிடைப்பது எல்லாம் அழகாயிராது. வட இங்கிலாந்திலே, அமெரிக்காவில் விலைப்படாத விரைவான சோல் பாடல்களுக்கு இரவு முழுவதும் நடனமாடும் வழக்கம் ஒன்று வளர்ந்தது. வீகன் நகரத்து நடன மண்டபம் 1973 முதல் 1981 வரை அதற்குத் தலைமை இடமாயிருந்தது. அவ்விளைஞர்கள் பல நல்ல பாடல்களை மறதியினின்றும் மீட்டனர் என்பது உண்மை. அதே வேளையில், ஒருவரிடமும் இல்லாத தட்டு என்பதற்காகவே தட்டைப் போற்றும் மயக்கமும் உடன் வளர்ந்தது. பிராங்க் வில்சன் 1965இல் பாடிய பாடலொன்றின் தட்டு, எஞ்சியிருந்த பிரதிகள் மிகச் சிலவே ஆதலின், 2009இல் 25,742 பவுணுக்கு விற்பனையாயிற்று. அத்துணைப் பெருந்தொகையும் விற்றவர் கைக்கே போய்ச் சேரும். பழைய தட்டு கைமாறுவதால் பாடியவருக்கு ஒரு சதமும் உரிமைப் பணமாகக் கிடைப்பதில்லை.

இதுவே இப்பொருளில் நாம் மிகுதியும் சிந்திக்க வேண்டிய பகுதி என்று கருதுகின்றோம். சிக்காகோப் பாடகர் சில் ஜோன்சன் 1967இல் பதிந்த ஒரு பாடலின் தொடக்கத்து மேள ஒலியையும் கூவலையும், பிற்காலத்து இசைக்கலைஞர் பலர் வெட்டியெடுத்துத் தம் பாடல்களில் ஒட்டிக்கொண்டனர். தமக்குரிய பங்கைப் பெறுதற்கு அவர் வழக்கு மன்றங்களை நாட வேண்டியதாயிற்று. முன் சொன்ன நியூமரோ நிறுவனம் அவருடைய பாடல்களைப் பெருந்தொகுதியாக 2010இல் வெளியிட்டு, அது கிராமி பரிசுக்கும் பரிந்துரைக்கப்பட்டபொழுது அவர் உயிரோடிருந்தார். மேடையேறிப் பாடவும் செய்தார். 2022இல் தம் எண்பத்தைந்தாவது வயதில் மறைந்தார். லவெட் அம்மையாருக்கும் ஜோன்சனுக்கும் கிடைத்த இந்த நற்பேறு, காலஞ்சென்ற பலருக்குக் கிட்டவில்லை. ஆகவே மீள்வெளியீடு என்பது பழம் பொருள் விற்பனை மட்டுமன்று. உரியவரைத் தேடி, ஒப்பந்தம் எழுதி, பணத்தைக் கொடுத்து, அவர் பெயரை உறையில் அச்சிடும்பொழுது அது கடன் தீர்ப்பதாகும். அனுமதியின்றிப் படி எடுத்து விற்பதோ, முன்பு இழைத்த அநீதியை இரண்டாம் முறையும் இழைப்பதாகும்.

ஆதலின், இவ்விசையைக் கேட்கப் புகுவோர் இரண்டு செயல்களை வழக்கமாக்கிக்கொள்ளலாம். பாட்டைக் கேட்கும் முன், பாடியவர் யார், எவ்வாண்டில், எவ்வூரில், யாருடைய வாத்தியத்தோடு பாடினார் என்பதைப் படித்து அறிக. இணையத்தின் வழியாகக் கேட்பவர்களுக்கு இவ்விவரங்கள் பெரும்பாலும் கண்ணிற்படுவதில்லை. தேடியே அறிதல் வேண்டும். அடுத்து, பழையது ஒன்றும் புதியது ஒன்றுமாகச் சேர்த்துக் கேட்க. ஹார்லம் விழாப் படத்தைக் குடும்பத்தோடு பார்த்துவிட்டு, மறுநாள் ‘த எபிக்’ தொகுதியின் முதல் தட்டைக் கேட்டால், வாஷிங்டனின் பாடகர் குழு எங்கிருந்து வந்தது என்பது தானே விளங்கும். 1971ஆம் ஆண்டுக் கார்னகி மண்டபக் கச்சேரியையும் 2021ஆம் ஆண்டுப் ‘புரொமிசஸ்’ இசையையும் அடுத்தடுத்துக் கேட்டால், முப்பது வயதில் முழங்கிய அதே சக்ஸபோன் எண்பது வயதில் எத்துணை மென்மையாகப் பேசுகின்றது என்பது தெரியவரும்.

எல்லாம் நமக்குப் பிடிக்க வேண்டும் என்பதில்லை. கேட்டபின் பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை எவர்க்கும் உண்டு. ஒருவரும் கேளாமலே, கணக்குப் புத்தகத்தின் முடிவைக் கலையின் முடிவாக ஏற்றுக்கொள்வதையே நாம் மறுக்கின்றோம். மாணவர்கள் இவ்விடுமுறைக் காலத்தில் மேற்கூறிய பதிவுகளுள் இரண்டையேனும் கேட்டு, தாம் உணர்ந்ததை ஒரு பக்கத்தில் எழுதிப் பார்ப்பார்களாக. பிறர் கூறிய தீர்ப்பை ஒப்புவிக்காது, தம் செவி கூறுவதை எழுதும் பழக்கம், இலக்கியம் கற்பதற்கும் அவர்களுக்கு உறுதுணையாகும்.